டிசம்பரில் ஹொக்கைடோவில் கார் ஓட்டப் போகிறோம்: பனிக்கு வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

புங்கோல் அப்பா

வணக்கம். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஜப்பானின் வடக்கே இருக்கிற ஹொக்கைடோ போகிறோம். நான், மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நியூ சித்தோசே விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்து ஃபுரானோ, பியே, அசஹிகாவா வரை போய்விட்டு சப்போரோ திரும்புவதாகத் திட்டம்.

மலேசியாவில் நிறைய ஓட்டியிருக்கிறேன். கேமரன் மலை, ஈப்போ, பினாங்கு எல்லாம் பழகிய பாதைதான். பனியில் ஓட்டியதே இல்லை. காரில் அவசரப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள். தேடினால் கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் கனடா, அமெரிக்கா பக்கம் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. மணல் மூட்டை, கோடரி, மெழுகுவத்தி, டயரில் மாட்டும் சங்கிலி, இழுவைக் கயிறு என்று நீண்டுகொண்டே போகிறது. ஐந்து பேர் சாமானுக்கே காரில் இடம் போதாது. இதில் எது நிஜமாகவே வேண்டும்? எதை இங்கிருந்து கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது? பனியில் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

ஈசூன் காரோட்டி

தம்பி, என்ன வைப்பது என்பதற்கு முன்னால் எதற்கு வைக்கிறோம் என்று யோசியுங்கள். வாடகைக் காரோடு பனியில் மாட்டிக்கொண்டால் வண்டியை நீங்களே இழுத்து வெளியே எடுக்கப் போவதில்லை. போன் போட்டால் ஆள் வருவார்கள். அவர்கள் வருகிறவரை ஐந்து பேரும் காருக்குள்ளேயே சூடு குறையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அம்மாவும் பிள்ளைகளும் உட்பட. அதற்கு வேண்டிய சாமான்தான் இந்தப் பெட்டி. இப்படிப் பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே கழன்றுவிடும். கோடரி, இழுவைக் கயிறு, மணல் மூட்டை எதுவும் வேண்டாம். ஹொக்கைடோவுக்குச் சங்கிலியும் வேண்டாம், குளிர்காலத்தில் வாடகைக் கார்களுக்கு ஸ்டட்லெஸ் என்கிற பனிக்கால டயர் போட்டே தருகிறார்கள். முன்பதிவில் ஃபோர் வீல் டிரைவ் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை நம்பி வேகம் போகாதீர்கள். நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி கிளம்புவது சுலபம், நிறுத்துவதில் அது ஒரு உதவியும் செய்யாது.

எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்? பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம். ஆனால் 2020 டிசம்பரில் நீகாத்தா பக்கம் கான்எட்சு விரைவுச்சாலையில் விடாமல் கொட்டிய பனியில் சுமார் 2,100 வண்டிகள் சிக்கிக்கொண்டன. எல்லா வண்டியையும் வெளியே கொண்டுவர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அது ஏதோ காட்டுப் பாதை இல்லை, தோக்கியோவிலிருந்து வடமேற்கே போகிற முக்கியமான சாலை. அதனால் ஒரு ராத்திரி முழுக்க காருக்குள் இருக்க நேர்ந்தால் என்ன தேவை என்று கணக்குப் போடுங்கள், அது போதும்.

முதல் பொருள் பெட்ரோல். நாம் மலேசியா போக உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடி தாண்டுவதற்கு முன்னால் முக்கால் டாங்க் இருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். அந்தப் பழக்கத்தை அப்படியே அங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் கீழே முள் இறங்கவே விடாதீர்கள். கிராமப்புறப் பெட்ரோல் நிலையங்கள் பல சாயந்தரமே மூடிவிடும். டிசம்பரில் சப்போரோவில் 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் பகல் வெளிச்சத்திலேயே ஓட்டி முடிக்கிற மாதிரி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் மற்ற எல்லாச் சாமானையும்விடப் பெரிது.

---

செங்காங் அக்கா

பிள்ளைகள் இருப்பதால் நான் சொல்கிறேன். எந்தப் பொருளானாலும் காரின் பின்பக்கச் சாமானறையில் வைக்காதீர்கள். போர்வை, தண்ணீர், சாப்பாடு, டார்ச் எல்லாம் இருக்கைக்குக் கீழேயோ காலடியிலோ ஒரு பையில் இருக்க வேண்டும். காற்று சுழற்றி அடிக்கும்போது கதவைத் திறந்து பின்னால் சுற்றிப் போய்ச் சாமானறையைத் திறந்தால், ஒரு நிமிடத்தில் காருக்குள் இருந்த சூடு எல்லாம் போய்விடும், நீங்களும் நனைந்துவிடுவீர்கள். நனைந்த உடையோடு குளிரில் உட்காருவதுதான் ஆபத்து.

தடித்த ஜாக்கெட்டைப் போட்டபடியே பிள்ளையை இருக்கையில் வைத்து வார் மாட்டாதீர்கள். வார் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் மோதினால் ஜாக்கெட் அமுங்கி வார் தளர்ந்துவிடும். சோதித்துப் பாருங்கள்: ஜாக்கெட்டோடு வாரை மாட்டி இறுக்குங்கள், பிறகு வாரின் நீளத்தை மாற்றாமல் ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மெல்லிய கம்பளிச் சட்டையோடு உட்கார வைத்து வாரை மாட்டி, மேலே போர்வை போர்த்துங்கள், ஜாக்கெட் பக்கத்திலேயே இருக்கட்டும். ஜப்பானில் 6 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம், முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். 8 வயதுப் பிள்ளைக்கும் உயரத்தைப் பார்த்து பூஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிவறையை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கிற காரில் முதலில் வருகிற பிரச்சினை அதுதான். ஜப்பானில் பேரிடர் சாமான் விற்கிற பகுதியில் கையடக்கக் கழிவறைப் பை கிடைக்கும். உள்ளே இருக்கிற தூள் நீரைக் கூழாக்கிவிடும், வாடை வராது. ஆளுக்கு இரண்டு வாங்கி வையுங்கள். மறைப்புக்கு ஒரு பழைய கைலியோ துப்பட்டாவோ போதும்.

சாப்பாட்டுக்குப் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், பிஸ்கட், முறுக்கு என்று குளிரில் கெட்டிப்பட்டாலும் சாப்பிடக்கூடியதாகப் பாருங்கள். இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, பக்வா, சிக்கன் ஃபிளாஸ், மட்டன் தொக்கு எல்லாம் அதில் அடங்கும். தண்ணீர்ப் போத்தலை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், ராத்திரி காரிலேயே விட்டால் உறைந்து வெடிக்கும்.

---

தோ பாயோ வாசகர்

இவ்வளவு போர்வையும் பையும் எதற்கு என்று புரியவில்லை. என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதாதா? பாதி டாங்க் இருந்தால் ராத்திரி தாங்காதா?

---

ஜூரோங் மெக்கானிக்

பெட்ரோல் தாங்கும். சின்ன கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான் குடிக்கும். ஆபத்து புகைக்குழாயில் இருக்கிறது. இதைத் தயவுசெய்து எல்லாரும் முழுசாகப் படியுங்கள்.

பனி கொட்டும்போது காற்று அதைக் காரின் பின்பக்கம் குவிக்கும். புகைக்குழாய் தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இருக்காது. அது மூடிப்போனால் புகை வெளியே போக வழியில்லாமல் காருக்கு அடியில் பரவி, தரையில் இருக்கிற இடுக்குகள் வழியாகவும் ஹீட்டருக்குக் காற்று இழுக்கிற துவாரம் வழியாகவும் உள்ளே வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, தூக்கம். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றே நினைப்போம்.

2013 மார்ச் ஆரம்பத்தில் ஹொக்கைடோவின் கிழக்குப் பக்கம் பெரிய பனிப்புயல் வந்தது. நகஷிபெட்சு ஊரில் பனியில் புதைந்த காருக்குள் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் இந்த வாயுவால் இறந்து கிடந்தார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, பனி பழகிய ஊர்க்காரர்கள். அதே புயலில் யூபெட்சுவில் ஒரு தகப்பன் வண்டி சிக்கியதால் மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கி, வழி தெரியாமல் போய், தன் மேல்சட்டையை அவளுக்குப் போர்த்தி அவள்மேல் கவிழ்ந்தபடி உறைந்து இறந்தார். மகள் பிழைத்தாள். காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது, உள்ளேயே இருந்தாலும் புகைக்குழாயைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. அந்த ஒரே புயலில் இரண்டுமே நடந்தது.

ஜப்பான் வாகன ஓட்டுநர் கூட்டமைப்பான ஜாஃப் ஒரு காரை பானட் வரை பனியில் புதைத்து என்ஜினை ஓடவிட்டுச் சோதித்தது. கால் மணி நேரத்துக்குச் சற்று மேலேயே உள்ளே வாயு அபாய அளவைத் தொட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தும் பார்த்தார்கள், காற்றைப் பொறுத்து மறுபடி ஏறிவிட்டது, ஆகவே ஜன்னலை மட்டும் நம்ப முடியாது. புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியை அள்ளி அகற்றிய காரில்தான் உள்ளே வாயு சேரவில்லை.

அதனால் என் கணக்கில் பெட்டியின் தலைமைப் பொருள் மண்வாரி. பனி அள்ளுகிற சின்ன மண்வாரி, கைப்பிடி மடங்குவது அல்லது நீள்வது. செங்காங் அக்கா சொன்ன மாதிரி அதுவும் காருக்குள்தான் இருக்க வேண்டும். என்ஜினைப் போடுவதற்கு முன்னால் ஒருவர் இறங்கி, பின்னால் போய், குழாயின் வாய் தெரிகிறவரை அள்ளுங்கள். வாய் தெரிந்தால் மட்டும் போதாது, அடியிலும் இரண்டு பக்கமும் ஒரு காரின் அகலத்துக்கு இடம் விடுங்கள், இல்லாவிட்டால் புகை திரும்பிக் காருக்கு அடியிலேயே போகும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி அணைத்துவிடுங்கள். குளிர்ந்ததும் மறுபடி அள்ளிவிட்டுப் போடுங்கள். பனி கொட்டிக்கொண்டே இருந்தால், அள்ள ஆளில்லாவிட்டால், தூக்கம் வந்தால், என்ஜின் வேண்டாம். அந்த நேரத்துக்குத்தான் போர்வை. தோ பாயோ வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

---

பீஷான் பயணி

எல்லாரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள். நானும் குளிர்காலத்தில் சப்போரோ, ஒத்தாரு, நோபொரிபெட்சு பக்கம் ஓட்டியிருக்கிறேன். சாலையை ராத்திரியோடு ராத்திரியாகச் சுத்தம் செய்துவிடுகிறார்கள், வழி நெடுக செய்கோமார்ட் கடை இருக்கிறது, வாடகைக் காரிலேயே பனித் தூரிகை போட்டுத் தருகிறார்கள். லட்சக்கணக்கான பேர் தினமும் அங்கே ஓட்டி வேலைக்குப் போகிறார்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு மண்வாரி தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

---

ஈசூன் காரோட்டி

பீஷான் பயணி சொல்வது அந்தப் பகுதிக்கு உண்மைதான். சப்போரோ முதல் ஒத்தாரு வரை நான்கூட இவ்வளவு தூரம் யோசிக்க மாட்டேன். ஆனால் தம்பி போவது ஃபுரானோ, பியே, அசஹிகாவா. அசஹிகாவாவில்தான் 1902 ஜனவரியில் ஜப்பானிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானது, மைனஸ் 41 டிகிரி. இப்போது அவ்வளவு இறங்குவதில்லை, ஆனால் விடிகாலையில் மைனஸ் 15 என்பது அங்கே ஆச்சரியம் இல்லை. பியே பக்கம் இரண்டு பக்கமும் திறந்த வயல்வெளி. வானத்திலிருந்து பனி விழாவிட்டாலும் தரையில் கிடக்கிற பனியைக் காற்று கிளப்பிவிட்டால் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிடும், சாலை எது வயல் எது என்று தெரியாது. அங்கே சாலையோரம் உயரமான கம்பங்களில் கீழ்நோக்கிச் சிவப்பும் வெள்ளையுமாக அம்புக்குறி தொங்குவதைப் பார்ப்பீர்கள். சாலையின் விளிம்பு அந்த அம்புக்கு நேர்கீழே இருக்கிறது. அந்தக் கம்பங்களைப் பார்த்தபடி, விளக்கையும் அபாய விளக்கையும் போட்டு, மெல்ல நகர்ந்து, அடுத்த சாலையோர ஓய்விடத்திலோ கடை வாசலிலோ நிறுத்திவிடுங்கள். அந்த ஓய்விடங்களை மிச்சி நோ எக்கி என்பார்கள். கழிவறை 24 மணி நேரமும் திறந்திருக்கும். காலையிலேயே அன்றைய பாதையில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஊர்க்காரர்கள் தினமும் ஓட்டுகிறார்கள் என்பதும் சரிதான். அவர்கள் வண்டியின் பின்னால் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் மண்வாரி இருக்கும்.

---

புங்கோல் அப்பா

ரொம்ப நன்றி. மண்வாரி விஷயம் இதுவரை எந்தப் பட்டியலிலும் இப்படி விளக்கமாகப் படிக்கவில்லை. இன்னும் சில கேள்விகள். பவர் பேங்க், பேட்டரி செத்த வண்டியைக் கிளப்புகிற ஜம்ப் ஸ்டார்ட்டர் இதெல்லாம் விமானத்தில் எடுத்துப் போகலாமா? அம்மாவின் இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது? ஓட்டுநர் உரிமத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமா?

---

தெம்பனீஸ் ராத்திரி ஷிஃப்ட்

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், செக்கின் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட் மணிக்குள் இருக்கட்டும், 27,000 எம்ஏஎச் அளவு வரை அதில் அடங்கும். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவோ அதற்குச் சார்ஜ் ஏற்றவோ முடியாது, எடுத்துப் போக மட்டும் விடுவார்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் வேண்டாம். வாடகைக் காரின் பேட்டரி போனால் அது அவர்கள் பொறுப்பு. கேஸ் டப்பா, சின்ன அடுப்பு நினைக்கவே வேண்டாம், விமானத்திலும் விடமாட்டார்கள், மூடிய காருக்குள் கொளுத்தினால் மெக்கானிக் அண்ணன் சொன்ன அதே வாயுதான். பட்டியல்களில் வருகிற மெழுகுவத்தியும் அப்படித்தான்.

குளிரில் போனின் பேட்டரி சட்டென்று இறங்கும். போனையும் பவர் பேங்கையும் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்துக்கு: ஜப்பானில் நம் உரிமம் மட்டும் செல்லாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும், சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்கலாம். இணையத்தில் அதே பெயரில் விற்கிற போலி அட்டைகள் உண்டு, அதைக் காட்டினால் கார் தரமாட்டார்கள்.

இன்னொன்று, டேட்டா மட்டும் உள்ள இசிம் வாங்கினால் அவசர எண்ணுக்குப் பேச முடியாமல் போகலாம். வழக்கமான சிம்மில் ரோமிங் குரல் அழைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

தாதியக்கா

இன்சுலினுக்கு நான் சொல்கிறேன். நம் ஊரில் சூடு படாமல் பார்த்துப் பழகியிருக்கிறோம், அங்கே உறையாமல் பார்க்க வேண்டும். உறைந்த இன்சுலின் பழையபடி இளகினாலும் பயன்படாது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோங்கள், மருத்துவர் கடிதமும் சேர்த்து. காரில் கையுறைப் பெட்டியிலோ கதவு ஓரத்திலோ வைக்காதீர்கள். அம்மாவின் உள்சட்டைப் பையில், உடம்புக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையில் இருக்கட்டும். ஆனால் ஒட்டுகிற சூட்டுப்பை, அதுதான் கைரோ என்கிறார்களே, அதை இன்சுலின் பக்கம் வைக்கக் கூடாது, அது சூட்டால் கெட்டுவிடும். கூடுதலாக ஒரு இன்சுலின் பேனாவை உங்கள் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். சர்க்கரை பார்க்கிற கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும் அல்லது வேலை செய்யாது, அதையும் உள்ளே வைத்திருந்து எடுங்கள்.

நடுங்கும்போது உடம்பு சர்க்கரையை அதிகம் செலவழிக்கும். சாப்பாடு தள்ளிப்போனால் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கலாம். குளுக்கோஸ் வில்லை, பாக்கெட் பழச்சாறு, இனிப்பு பிஸ்கட் இதெல்லாம் அம்மாவின் கை எட்டும் இடத்தில் தனியாக இருக்கட்டும். பிள்ளைகள் சாப்பிடுகிற பையில் வைத்தால் தேவைப்படும்போது தீர்ந்திருக்கும். பேச்சு குழறினாலோ, குளிரிலும் வேர்த்தாலோ, திடீரென்று எரிச்சல்பட்டாலோ முதலில் சர்க்கரையைப் பாருங்கள். குளிரில் உடம்பு விறைத்தாலும் பேச்சு குழறும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கைரோவை வெறும் தோலில் ஒட்டக் கூடாது, உள்சட்டை மேல்தான். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும், அம்மாவின் பாதத்தில் ஒட்டவே வேண்டாம். சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். காலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், தைலமும் வேண்டாம். அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்றினால் போதும்.

---

தெற்குத் தீவு ரசிகை

இழை ஹொக்கைடோ பற்றியது என்றாலும், ஜூன் விடுமுறையில் நியூசிலாந்து போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அங்கே கதை வேறு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் அவர்களுக்குக் குளிர்காலம். வாடகைக் கார்கள் பலவற்றில் சாதாரண டயர்தான் இருக்கும், அதனால் சங்கிலி தேவைப்படும். தே அனாவ் ஊரிலிருந்து மில்ஃபர்டு சவுண்ட் போகிற சாலையில் குளிர்காலத்தில் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்று பலகை போட்டுவிட்டால் அது கட்டாயம், இல்லாமல் போனால் அபராதம். சுமார் 120 கிலோமீட்டர், வழியில் பெரும்பாலும் போன் எடுக்காது, நடுவில் பெட்ரோலும் கிடையாது. குவீன்ஸ்டவுனுக்கும் வனாக்காவுக்கும் நடுவே உள்ள கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர் உயரம் ஏறுகிறது, நிழல் விழுகிற வளைவுகளில் மதியம்கூடக் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும்.

கார் எடுக்கும் இடத்திலேயே சங்கிலியை ஒரு முறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்களே மாட்டிப் பாருங்கள். முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இழுக்கிற சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். எங்களுக்கு வண்டி தந்த நிறுவனம் சங்கிலிப் பையைக் கொடுத்ததோடு சரி, திறந்து பார்த்தால் அளவு வேறு. முன்றிலிலேயே மாட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது, அங்கேயே மாற்றி வாங்கினோம். சங்கிலியோடு சேர்த்து ஒரு பழைய ரப்பர் பாயும், நனையாத கையுறையும் வையுங்கள். ஈரச் சேற்றுப் பனியில் முழங்காலிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சாப்பாட்டுச் சாமானை நியூசிலாந்து விமான நிலையத்தில் ஒன்று விடாமல் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் எடுத்தே போகாதீர்கள்.

---

ஜூரோங் மெக்கானிக்

இன்னும் சில விஷயங்கள் விட்டுப்போயின. ஜப்பானியக் காரில் முன்பக்கப் பயணியின் காலுக்கு மேல், ஓரத்தில், சிவப்பு நிறத்தில் ஒரு குழாய் சொருகியிருக்கும். அது அபாய ஒளிக்குச்சி. மூடியைக் கழற்றி, மூடியின் முனையில் இருக்கிற சொரசொரப்பான பகுதியில் உரசினால் சிவப்பாக எரியும், சுமார் 5 நிமிடம். காரை எடுத்த உடனே அது எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும் என்பது சட்டம், வாடகைக் காரில் அது சில சமயம் இருக்காது, கேட்டு வாங்குங்கள். ஒளிரும் மேலங்கி இரண்டு இங்கேயே முஸ்தபாவில் கிடைக்கும், எடை இல்லை, எடுத்துப் போங்கள். புகைக்குழாயை அள்ள இறங்குகிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பனித் தூரிகை காரில் இருக்கும், ஒரு முனையில் குச்சம், மறுமுனையில் ஐஸ் சுரண்டுகிற தகடு. காலையில் கண்ணாடியை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். கூரைமேல் இருக்கிற பனியை விட்டால் முதல் பிரேக்கில் அப்படியே சரிந்து முன்கண்ணாடியை மூடும். எல்இடி விளக்கு சூடாகாது, அதன்மேல் ஒட்டிய பனி தானாக உருகாது, கையால் துடைக்க வேண்டும், பின்விளக்கும் அப்படியே. கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். ராத்திரி நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். கைபிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், சமதரையில் பார்க்கிங் கியர் மட்டும் போதும். கண்ணாடி உள்பக்கம் மூடுபனி கட்டினால் நம் பழக்கத்தில் உள்காற்றுச் சுழற்சியை அமுக்குவோம், அங்கே வெளிக்காற்றை எடுத்து ஏசியையும் போட வேண்டும், அப்போதுதான் ஈரம் போகும்.

---

புங்கோல் அப்பா

எல்லாவற்றையும் மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். இங்கிருந்து எடுப்பவை: ஒளிரும் மேலங்கி, தலையில் மாட்டும் டார்ச், அலுமினியத் தகடு போர்வைகள், கம்பளிக் காலுறை, பவர் பேங்க், அம்மாவின் மருந்துப் பை, இறைச்சி இல்லாத தின்பண்டம். அங்கே வாங்குவது: மண்வாரி, கைரோ, கழிவறைப் பை, தண்ணீர், இரண்டு தடித்த போர்வை. அசஹிகாவாவில் ஒரு நாள் குறைத்து, எல்லா நாளும் 3 மணிக்குள் விடுதிக்கு வந்துவிடுகிற மாதிரி மாற்றிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. மண்வாரி எங்கே கிடைக்கும்? திரும்பி வரும்போது அதை என்ன செய்வது?

---

ஈசூன் காரோட்டி

முதலில் வாடகை முகப்பிலேயே கேளுங்கள், கேட்பவர்களுக்குக் காரிலேயே போட்டுத் தருகிற இடங்கள் உண்டு. இல்லாவிட்டால் வீட்டுச் சாமான், தோட்டச் சாமான் விற்கிற ஹோம் சென்டர் ஒன்றில் நிறுத்துங்கள். டிசம்பரில் வாசலிலேயே விதவிதமாக அடுக்கி வைத்திருப்பார்கள். போர்வையும் கைரோவும் கழிவறைப் பையும் அங்கேயே கிடைக்கும், ஒரே இடத்தில் முடித்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து நேராக மலைப்பக்கம் திருப்பாமல் முதலில் கடைக்குப் போங்கள். திரும்பும்போது கடைசி ராத்திரி தங்குகிற விடுதியில் கேட்டுப் பாருங்கள், பயன்படும் என்றால் வாங்கிக்கொள்வார்கள்.

எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு அட்டையில் எழுதி முன்னால் ஒட்டிவிடுங்கள். போலிஸ் 110, ஆம்புலன்சும் தீயணைப்பும் 119. ஜப்பான் சுற்றுலா அமைப்பின் ஆங்கில உதவி எண் 050-3816-2787, 24 மணி நேரமும் பேசலாம். இவற்றுக்கு மேலே, முதல் வரியில், வாடகை நிறுவனம் தருகிற சாலை உதவி எண்ணை எழுதுங்கள். சின்ன உரசலானாலும் போலிசைக் கூப்பிட்டுப் பதிவு செய்தால்தான் காப்புறுதி செல்லும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், அங்கே காரின் வழிகாட்டிக் கருவியில் மேப்கோட் என்று ஒரு எண் வரும், அதைப் படித்துச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த எண்ணை எப்படித் திரைக்குக் கொண்டுவருவது என்று கார் எடுக்கும்போதே காட்டச் சொல்லுங்கள், உங்கள் மனைவியும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.